புரிஞ்சுது மேடம்

"எல்லாரும் கேமராவ ஆன் பண்ணுங்க."

சொல்லிவிட்டேன். வேலையில் சேர்ந்த அன்று மேனேஜர் விரலை நீட்டிச் சொன்ன ஒரே கட்டளை, அதை மட்டும் கேட்கக் கூடாது என்பதுதான். பாதியில் படிப்பை விட்டவர்கள், வேலைக்கு நடுவே வந்து உட்காருகிறவர்கள், முகத்தைக் காட்டச் சொன்னால் கூச்சப்பட்டு ஓடிவிடுவார்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது.

பத்தாம் வகுப்புத் தேர்வைப் புதிதாக எழுதப்போகும் பெரியவர்களுக்கு நான் ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். எனக்கென்று ஒரு கண்ணாடி அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் அண்ணன். ஒலி, ஒளி எல்லாம் அவர் பொறுப்பு. என் திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் பெயருக்குப் பதில் ஓர் எண். யாரும் வாய் திறப்பதில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மட்டும் ஓரத்தில் மளமளவென்று வந்து விழும். புரிஞ்சுது மேடம். புரிஞ்சுது மேடம். நன்றி மேடம்.

அந்த வரிகளைத் தின்றுதான் நான் நாட்களை ஓட்டினேன். இந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. வாடகை அறையில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் அம்மாவுக்கு என் வகுப்பு ஒரு பெரிய விஷயம்.

"புள்ளைங்க அடங்குதா?" என்று போனில் கேட்பாள்.

"எல்லாம் என்னைவிடப் பெரியவங்கம்மா."

"இருந்தா என்ன? ரெண்டு அதட்டு போடு. உங்கிட்ட அதுக்கா பஞ்சம்?"

சிரித்துவிட்டு போனை வைத்தால் அறை முன்னைவிடப் பெரிதாகத் தெரியும்.

இன்று நடந்தது இதுதான். மூன்று எக்ஸுடன் பன்னிரண்டைக் கூட்டினால் இருபத்தேழு, எக்ஸ் எவ்வளவு என்று பலகையில் எழுதினேன். பன்னிரண்டை அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது கழிக்க வேண்டும். நான் எங்கோ நினைவாகக் கூட்டிவிட்டேன். விடை பதின்மூன்று. "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். புரிஞ்சுது மேடம் என்று கொட்டியது. பிறகுதான் பலகையைப் பார்த்தேன். பச்சைத் தப்பு. உயிருள்ள ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து கத்தியிருப்பான். இங்கே ஒருவருக்குமா தோன்றவில்லை? கோபம் தலைக்கேறியது. கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

ஒரே ஒரு கட்டம் திறந்தது. முடியைத் துணித் தொப்பிக்குள் அடக்கிய ஒரு பெண். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் வெள்ளைப் போர்வைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஏதோ ஹோட்டலின் சலவை அறை.

"மத்தவங்க?" என்றேன். "முடியலன்னா ஏன்னாவது எழுதுங்க."

புரிஞ்சுது மேடம். புரிஞ்சுது மேடம். நன்றி மேடம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பினேன். ஹெட்போன் அண்ணனின் விரல் இன்னும் கீபோர்டு விசைமேல் இருந்தது. பதற்றத்தில், அவரிடம் இருந்த ஒரே பதிலை அழுத்தியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

வகுப்பை நிறுத்தி வைக்கச் சொல்லிக்கொண்டே மேனேஜர் உள்ளே வந்தார்.

"எத்தன பேரு சார் நெசமா?"

"ஆரம்பத்துல நெறைய பேரும்மா. போகப் போக..."

"இப்ப?"

"அவங்க ஒருத்தங்கதான்."

"மத்த கட்டமெல்லாம்?"

"நம்ம போட்டதுதான். கோவிச்சுக்காம கேளுங்க. காலி ரூம்ல பாடம் எடுக்கச் சொன்னா எந்த டீச்சரும் பத்து நாள் தாங்க மாட்டாங்க. ஆளில்லன்னு தெரிஞ்சா அந்தம்மாவும் வராது. கூட்டம் இருந்தாத்தாம்மா மனுஷனுக்குத் தெம்பு."

"தெம்பா? நான் தப்பா போட்ட கணக்குக்குக்கூட கும்பலா தலையாட்டினீங்களே சார்."

"நெட் பிரச்சனைன்னு சொல்லி முடிச்சிடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அந்த ஆள் பேசியதில் பாதி உண்மை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தை நம்பித்தானே நானும் தினமும் தலைவாரிக்கொண்டு வந்தேன்.

"சரி சார், நான் பேசிக்கறேன்" என்று அவரை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டேன். ஹெட்போன் அண்ணனுக்குச் சைகை காட்டினேன். அவர் மேனேஜரை ஒருமுறை பார்த்துவிட்டு இணைப்பைக் கொடுத்தார்.

சலவை அறைப் பெண் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நான் போட்ட கணக்கு தப்பு."

"அஞ்சுதான மேடம் வரணும்?"

"ஆமா. ஏன் சொல்லல?"

"அஞ்சுன்னுதான் எழுதினேன். எல்லாரும் புரிஞ்சுதுன்னதும் அழிச்சிட்டு நானும் புரிஞ்சுதுன்னு போட்டுட்டேன்." கையுறையைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "எப்பவும் அப்படித்தான் மேடம். இத்தன பேருக்கு ஏறுது, எனக்கு மட்டும் மண்டையில ஏறலன்னா எப்படிக் கேக்கறது? இன்னிக்கோட நிறுத்திக்கலாம்னு இருந்தேன். போறப்ப மூஞ்சியக் காட்டிட்டுப் போவோம்னுதான் கேமராவப் போட்டேன்."

"அந்த இத்தன பேரு இல்லக்கா. யாருமே இல்ல. எல்லாம் இவங்க செஞ்ச பொம்ம. என்னையும் சேத்து ஏமாத்தியிருக்காங்க."

அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.  பின்னால் ஏதோ இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் மட்டுந்தானா?"

"ஆமா."

"என் பொண்ணுகிட்ட பீத்திக்கிட்டேன் மேடம், என் கிளாஸ்ல இத்தன பேருன்னு. வேல முடிஞ்சு கால் வலிக்கறப்ப, அவங்களுக்கும் வலிக்கும்ல, அவங்க வரலையான்னு நெனச்சுக்குவேன். அப்படித்தான் வந்து உக்காருவேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அதுவும் போச்சு."

 உண்மையைச் சொன்னது தப்பில்லை, ஆனால் அவருக்கு இருந்த துணையையும் நான்தான் பிடுங்கினேன்.

மேனேஜர் வெளியிலிருந்து கதவைத் தட்டினார்.

"அக்கா, என் சொந்த நம்பரச் சொல்றேன், எழுதிக்கங்க. நாளைலேர்ந்து நாம ரெண்டு பேரும் போன்ல உக்காரலாம். வேற யாரும் இருக்க மாட்டாங்க. எனக்கு வேலையும் இருக்காது."

"வேலைய ஏன் மேடம் விடறீங்க?"

"விட்டாச்சுக்கா."

எண்ணைச் சொன்னேன். சோப்புப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் எழுதினார். கூப்பிடுவேன் என்று சொல்லவில்லை. "பாக்கறேன் மேடம்" என்றார். அவருடைய கட்டம் கறுத்தது.

பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். மேனேஜர் கையை விரித்து நின்றார்.

"கோவத்துல முடிவெடுக்காதீங்கம்மா. உக்காந்து பேசுவோம்."

"எடுத்துட்டுத்தான் சார் கதவத் தொறந்தேன். வழிவிடுங்க."

வழி விட்டார். வரிசையாக இருந்த கண்ணாடி அறைகளைத் தாண்டி நடந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு டீச்சர், கறுப்புக் கட்டங்கள் நிறைந்த திரையைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் அவர்களுடைய அறைக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன்.