எண்ணெய் விட்ட கதவு

அடுக்குமாடியில் எங்கள் வீட்டு வாசல் கதவைத் திறந்தால் நாலு தெரு தள்ளி நாய் எழுந்து உட்காரும். எதிர்வீட்டுக் குழந்தை ‘அம்மா’ சொல்வதற்கு முன்பே அந்தக் ‘க்றீச்’சைச் சொல்லக் கற்றுக்கொண்டது. நம்பாவிட்டால் போங்கள். மில்லில் காலமெல்லாம் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டு ஓய்வு பெற்றவன் நான். சொந்தக் கதவுக்கு ஒரு சொட்டு விட மனைவி சம்மதிக்கவில்லை.

“கை வச்சீங்க, தெரியும் சேதி! அண்ணன் வெளிய கிளம்பினா அதுதானே காட்டிக் குடுக்குது?”

அண்ணன் என்றால் என் மச்சான். ஞாபகம் அவரிடம் விருந்தாளி மாதிரி வந்து போகும். தனியாக வெளியே இறங்கினால் திரும்பி வரத் தெரியாது. அவர் தொட்டதும் கதவு அலறும். ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவோம்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு மதியம் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். கதவு வெண்ணெயாக வழுக்கியது. அந்த அமைதியில் சொக்கிப்போய் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன்.

“ஏங்க! அண்ணனைக் காணோம்!”

கதவு ஆவென்று திறந்து கிடந்தது. செருப்புகூடப் போடாமல் இருவரும் தெருவெல்லாம் ஓடினோம். சலூன், மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம்... யாரும் பார்க்கவில்லை. கட்டட வாசலுக்கே திரும்பி வந்தோம். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு, “எண்ணெய் விட்டீங்களா?” என்றாள். விரல்கள் பளபளத்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அப்போது தலைக்கு மேலே, ‘க்றீச்... க்றீச்...’

நாலு மாடியையும் நாலே தாவலில் ஏறினேன். என் முழங்கால்தான் சாட்சி. மொட்டைமாடிக் கதவை ஆட்டிக்கொண்டு மச்சான் ஜம்மென்று நின்றிருந்தார்.

“எங்க போயிட்டீங்க மாப்ள? கீழ ஒரு வீட்டுல இருந்தேன், கதவு சத்தமே போடல. யார் வீட்டுக்குள்ளயோ புகுந்துட்டோம்னு பயந்து வெளிய வந்துட்டேன். ஒவ்வொரு கதவா ஆட்டிப் பாத்தேன். இதான் நம்ம வீடு!”

மனைவி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடி அவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கதவில் மணி கட்டிப் பார்த்தோம். “இது ஏதோ கடை போலிருக்கு” என்று மச்சான் கிளம்பிவிட்டார். பிறகு தினமும் கீலுக்கு உப்புத் தண்ணீர் அபிஷேகம். துரு ஏற மறுத்தது. விட்டது யார் கை எண்ணெய்!

நேற்றுதான் லேசாக முனகியது. மச்சான் தலை நிமிர்ந்து, “நம்ம கதவு!” என்றார். எதிர்வீட்டுக்காரர் அலறியடித்து எட்டிப் பார்த்தார்.

“சார், மறுபடியுமா? கொஞ்சம் எண்ணெய் விடக் கூடாதா?”

“எண்ணெயா? அப்படின்னா என்ன சார்?” என்றேன்.