ஆறாம் பாட்டில் ஒரு மூச்சு

தொழிலில் இருப்பவர்கள் அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டுகளுக்கு மாஸ்டரிங் செய்வது அவர் வேலை. பாடி, வாசித்து, கலந்து முடித்த பாட்டு ஊருக்குப் போகுமுன் கடைசியாகப் படுகிற கை அவருடையது. தாழ்ந்து கிடக்கும் சத்தத்தைத் தூக்கிவிட்டு, துருத்திக்கொண்டு நிற்பதைத் தட்டி உட்காரவைத்து, ஒரு தொகுப்பின் பாட்டுகளையெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல ஆக்கி அனுப்புவார்.

ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளுக்கு நேர் எதிரே ஒற்றை நாற்காலி. அதில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கடவுளை நினைத்துக்கொண்டுதான் எந்த வேலையையும் தொடங்குவார்.

அன்று வந்திருந்தது வீட்டு வேலை. தங்கையின் கணவர் இசையமைத்த ஆறு பாட்டுகள். ஆறாவது தங்கை பாடியது. கல்யாணத்துக்குப் பிறகு பாட்டை மூட்டை கட்டி வைத்திருந்தவளை, "இதை நீதான் பாடணும்" என்று கணவரே கூட்டிப்போய் மைக் முன்னால் நிறுத்தியிருந்தார். அவள் அலுவலகத்தில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. மாப்பிள்ளை பாட்டுகளைக் கொடுத்தபோது, வெளிவரும்வரை அவளுக்கு எதையும் போட்டுக் காட்டவேண்டாம், ஆச்சரியப்படட்டும் என்று சொல்லிச் சிரித்திருந்தார். பெண்டாட்டிமேல் இவ்வளவு ஆசையா என்று அண்ணனுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

ஐந்து பாட்டுகளை முடித்து ஆறாவதைப் போட்டார். பாடியது தங்கை இல்லை. பெயர்பெற்ற ஒரு பாடகி.

கோப்பு மாறி வந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். பழக்கதோஷத்தில் கை தானாக வேலையைத் தொடங்கி, அடியில் கிடந்த மெல்லிய சத்தங்களை மேலே கொண்டுவந்தது. அப்போதுதான் அந்த மூச்சு கேட்டது. ஒவ்வொரு அடிக்கு முன்பும் சின்னதாக ஒரு இழுப்பு, அதன்மேல் ஏறினாற்போல் இன்னொன்று. சின்ன வயதில் நெஞ்சுச்சளியில் படுத்து எழுந்த நாளிலிருந்து அவள் அப்படித்தான் மூச்சு வாங்குவாள். பக்கத்துக் கட்டிலில் படுத்து, அது சீராக வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வளர்ந்தவர் அவர். அவருக்குத் தெரியாதா?

குரல் வேறொருத்தியுடையது. மூச்சு மட்டும் தங்கையுடையது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். வந்தவர் மழுப்பவில்லை. பாட்டு நிறுவனத்தார் பெயருள்ள குரல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்களாம். பாடகி எங்கிருந்தோ பாடி அனுப்பியதில் மூச்சையெல்லாம் வெட்டித் துடைத்து அனுப்பிவிட்டார்களாம். கேட்டால் பொம்மை பாடுவதுபோல் இருந்ததாம். தங்கை முன்பு பாடிய பதிவிலிருந்து அவளுடைய மூச்சை எடுத்து ஒட்டினால் அச்சாகப் பொருந்திவிட்டதாம். இங்கே வந்தால் அது மேலே எழும்பும் என்பதை மனிதர் மறந்துபோனார்.

"அவகிட்ட சொன்னீங்களா, மாப்பிள்ளை?"

"வெளியே வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன், மச்சான். உங்க கையால முடிஞ்சு போனா அவ சத்தம் போட மாட்டா. அண்ணனுக்கே தெரிஞ்சுதான் நடந்திருக்குன்னு அடங்கிடுவா. அதுக்குத்தானே உங்ககிட்ட கொண்டு வந்தேன்."

உறவு என்று நம்பி வந்த வேலை இல்லை இது. தங்கை அடிக்க வந்தால் குறுக்கே பிடித்துக்கொள்ள ஒரு பலகை வேண்டியிருந்தது. அதற்கு அண்ணனைப் பார்த்துவைத்திருக்கிறார். அவளிடம் கணவனையும் அண்ணனையும் ஒரே நாளில் பறிக்கிற காரியம் என்பதுகூட அந்த மனிதருக்கு உறைக்கவில்லை.

"அவ கேக்காம இது இந்த ரூமை விட்டுப் போகாது," என்றார்.

பக்குவமாக நீங்களே சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை கீழே பின்பக்கம் நிறுத்தியிருந்த காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாட்டு கேட்க வா என்றதும் தங்கை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு ஓடிவந்தாள். படியேறும்போதே சிரிப்பு. "என்னண்ணா, உன் மெஷினே என் குரலைத் தாங்கலையா?" அவர் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். நடந்ததையும், மாப்பிள்ளை கீழே காத்திருப்பதையும் அலங்காரம் பண்ணாமல் சொன்னார். பாட்டைப் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த நேரத்தில் அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

பாட்டு முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"இன்னிக்குக் காலையிலதான். தெரிஞ்சதும் அவரைக் கேட்டேன். அப்புறம் உன்னைக் கூப்பிட்டேன்."

நிஜமா என்பதுபோல் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். பிறகுதான் அழுதாள். அவர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அழுது முடியட்டும் என்று காத்திருந்தார்.

"உன் மூச்சையாவது எடுத்துடறேன்மா. அது உன்னோடது. குடுக்கணும்னு ஒண்ணும் இல்ல."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"வேண்டாம், இருக்கட்டும். அந்தம்மா என்ன பண்ணினாங்க பாவம், யாருதுன்னு அவங்களுக்குத் தெரியுமா? மூச்சில்லாம எப்படிப் பாடுவாங்க? நல்லாவே முடிச்சுக் குடு."

அவர் தலையாட்டினார். இவ்வளவு அடிபட்ட பிறகும் முகம் தெரியாத ஒருத்திக்கு இரக்கப்பட அவளுக்கு மனம் இருந்தது. அந்த மனதைக் கொடுத்த கடவுளுக்கு உள்ளுக்குள் நன்றி சொன்னார். அவள் கணவருக்காக வேண்டிக்கொள்ள மட்டும் அன்று அவருக்கு வாய் வரவில்லை.

தண்ணீர் எடுக்கத் திறந்த கதவு வழியே, கீழே காரின் ஹாரன் மெதுவாக ஒருமுறை கேட்டது. தங்கை கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை.

"அவரைப் போகச் சொல்லுண்ணா. நான் உன்கூட உன் வீட்டுக்கு வர்றேன். அண்ணிகிட்ட எதுவும் கேக்க வேண்டாம்னு மட்டும் சொல்லி வை."