பிளக்குக்கு விசிறி வைத்தவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. எங்கள் வீட்டு வயரிங்கைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், ஏணியில் நின்றபடி சொன்னாள். நான் கொஞ்சம் கைவைத்திருக்கிறேன்.

"குளிர் அந்த வீட்டுக்குள் மெல்ல…" [வேண்டாம். குளிர் அதுபாட்டுக்கு இருக்கட்டும்.]

2

மூட்டுவலிக்காரப் பெரியவர், தனியாக இருக்கிறார். தினமும் நாலு மணிக்கு, அலுவலகத்திலிருக்கும் மகள் தன் போனிலேயே அவர் அறை ஹீட்டரைப் போடுவாள். அவள் வாங்கி மாட்டிய ஸ்மார்ட் பிளக்கில் பச்சை விளக்கு எரியும். பிள்ளைக்கு நம் ஞாபகம் வந்துவிட்டது என்று பெரியவருக்கு மனசு நிறைந்துவிடும்.

ஒருநாள் பிளக் தொட முடியாமல் சுட்டது. சொன்னால் மகள் அதைக் கழற்றிவிடுவாள். நாலு மணியும் போய்விடும். ஆகவே வாயைத் திறக்காமல், மேசை விசிறியை எடுத்துப் பிளக்குக்குக் காற்று வைத்தார்.

(படித்த மனுஷன் இப்படிச் செய்வாரா என்று எனக்கும் சந்தேகம்தான். எலக்ட்ரீஷியன் சத்தியமே செய்தாள்.)

3

கருகல் நாற்றம் வந்தபிறகுதான் பயந்துபோய் மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

"என்னங்கய்யா, இதுக்கு விசிறியா?"

"சுட்டுதும்மா."

"இது பத்து ஆம்பியர் பிளக். உங்க மூவாயிரம் வாட் ஹீட்டர் பதிமூணு இழுக்குது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா திரைச்சீலை தீப்பிடிச்சு, நீங்க தூக்கத்துலயே…"

அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

"அப்ப இனிமே போன்ல போட முடியாதா?" பெரியவர் கேட்டார்.

"யார் சொன்னா? போர்டுல கான்டாக்டர்னு ஒரு பெரிய சுவிட்ச் வைக்கறேன். தனி ஒயர், தனி பிரேக்கர். ஹீட்டர் கரண்ட் அது வழியாத்தான் போகும். போன் அதுக்கு உத்தரவு மட்டும் போடும்."

"உத்தரவு எம்பொண்ணுதானே?"

"அவங்கதான். ஆனா ஒண்ணு. கண்ணால பாக்காம ஹீட்டரைப் போடக்கூடாது. பக்கத்துல துணிமணி கிடக்கான்னு தினமும் உங்களைக் கேட்டுட்டுத்தான் போடணும். இதை நீங்களே அவங்ககிட்ட சொல்லணும்."

சொன்னார். விசிறி விஷயத்தையும் சேர்த்தே சொன்னார். மகள் திட்டினாள், பிறகு அழுதாள். அவருக்கோ நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. எழுதிக்கொண்டிருந்த எனக்கும்தான்.

4

மறுநாள் நாலு மணி. பழைய பிளக்கோடு பச்சை விளக்கும் போய்விட்டது. போன் அடித்தது.

"அப்பா, ஹீட்டர் பக்கத்துல ஏதாவது இருக்கா?"

முடிவு ஒன்று: "இல்லம்மா, போடு." [சரியான பதில். ஆனாலும் அடித்து நீக்கிவிட்டேன்.]

முடிவு இரண்டு: அவர் ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்துவிட்டார். ஒன்றுமில்லை. "இரும்மா, பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் நீ பேசிட்டே இரு."

எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதை நீங்களே சொல்லுங்கள்.