இரண்டடி கூடுதல்

பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை. ஆரணியில் அந்த நெசவாளர் குடியிருப்பைக் கட்டியவர்கள், செலவைக் குறைப்பதற்காக வரிசையாகச் சுவர் எழுப்பி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளமாகச் சீமை ஓடு வேய்ந்துவிட்டார்கள். முதல் வீட்டில் ஓடு உடைந்தால் மூன்றாவது வீட்டில் தண்ணீர் இறங்கும். எந்த ஒழுகல் யாருடையது என்று கண்டுபிடிப்பதற்காகவே குடியிருப்போர் சங்கம் பாதிக் கூட்டங்களை நடத்தியிருக்கிறது.

இந்த வருஷம் ஒருவழியாக முடிவெடுத்தார்கள். ஓட்டையும் உளுத்துப்போன மரத்தையும் எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் இரும்புக் கால்கள் நிறுத்தி, தகட்டுக் கூரை போடுவது. ஐப்பசி மழைக்கு முன்னால் பன்னிரண்டு வீட்டையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். ஓட்டைப் பிரிக்கும்போது தூசியும் உடைசலும் நூல் மேல் விழும் என்பதால், அதற்கு எல்லா வீட்டிலும் தறி காலியாக இருக்க வேண்டும்.

அதுதான் சிக்கல். இந்தத் தெருவில் தறி காலியாவதே கிடையாது. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் முடிகிறபோது அதன் கடைசி இழைகளை, அவை நுழைந்து வரும் அச்சில் அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைத்துவிடுவார்கள். தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சங்கச் செயலாளர் ஜெயக்குமார் வீடு வீடாகக் கெஞ்சி, புரட்டாசியில் யாரும் புதுப் பாவு பிணைக்கக் கூடாது என்று ஒப்புக்கொள்ள வைத்தான். பதினோரு வீட்டில் பாவு முடிந்தது. தறிக்கு மேலே, கூரையை ஒட்டி நிற்கும், பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டிகளை இறக்கி மூலையில் வைத்துத் துணி போர்த்தினார்கள். கை சும்மா இருந்து பழக்கமில்லாத ஆண்கள் டீக்கடைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

லீலாவின் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆவணியில் வந்த காய்ச்சல் அவளுடைய மூட்டுகளை வீங்கவைத்துவிட்டுப் போயிருந்தது. எழுந்து தறியில் உட்காரவே வாரக்கணக்கானது. தறியில் இருந்தது முகூர்த்தப் புடவை. தெள்ளார்ப் பக்கத்திலிருந்து கனிமொழி என்ற பெண் தன் அம்மாவோடு வந்து, கடையில் வாங்காமல் தறியிலேயே சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர்கள் வீட்டில் முதல் பட்டுப் புடவை அது. ஐப்பசியில் கல்யாணம். அவ்வப்போது போன் செய்வாள். அதிகம் பேசமாட்டாள். “தறி ஓடுதாக்கா?” என்று கேட்டு, கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

புடவை பாதியைத் தாண்டியிருந்தது. முந்தானை இன்னும் வரவில்லை.

“இன்னாம்மா லீலா, நீ நெய்யறியா, தறிக்குத் தாலாட்டுப் பாடறியா?” என்று வாசலில் நின்று கேட்டார் பக்கத்து வீட்டுப் பச்சையப்பன்.

“நீங்க வந்து பாடுங்க மாமா. நான் கொஞ்சம் தூங்கறேன்.”

“நாங்க எல்லாம் தூங்கிகினுதானே இருக்கோம், உன்னால.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் அது லீலாவைக் குத்தியது. பதினோரு வீட்டுப் பிழைப்பு தன் ஒருத்தியின் மணிக்கட்டுக்காகக் காத்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாதா?

ஜெயக்குமாரின் மனைவி ஜெயப்ரியா வந்து, “ராத்திரியில நான் போடறேன்கா, பகல்ல நீங்க போடுங்க. ஜல்தி முடிஞ்சிடும்” என்றாள். சொன்ன கையோடு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரே புடவையில் இரண்டு கை விழுந்தால் வெளிச்சத்தில் பிடிக்கும்போது தெரிந்துவிடும்.

“உன் அடி கெட்டி, என் அடி இளக்கம்” என்றாள் லீலா. “பொண்ணு முதுகுல கோடு போட்ட மாதிரி நிக்கும்டி.”

அன்று மாலை சங்கக் கூட்டத்தில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. ஜெயக்குமார் தரையைப் பார்த்துக்கொண்டே, “சனிக்கெழம களம்பூர்லேர்ந்து இரும்புக் காலு, சட்டம் எல்லாம் வந்துடுதுக்கா. வேலை தள்ளிப்போனா மழை புடிச்சிக்கும். நீங்களே சொல்லுங்க” என்றான்.

“சனிக்கெழம காலைல வரிக்கும் நெய்யறேன். முடியலன்னா அறுத்துடறேன்” என்றாள் லீலா. 

சனிக்கிழமை காலையிலும் முந்தானை தொடங்கவில்லை. நெய்தவரை அறுத்து எடுத்தால் அது புடவையாகாது, வெறும் துண்டு. கனிமொழிக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி, கத்திரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு தறியிலேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே லாரி வந்து நின்றது. இரும்பு இறக்கும் சத்தம் கேட்டது. அதன்பின் கத்தல் கேட்டது.

“யாருங்க அளவு குடுத்தது?” ஒப்பந்தக்காரர் அன்பழகனின் குரல்.

லீலா எழுந்து வாசலுக்கு வந்தாள். முதல் வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி ஓர் இரும்புக் காலை நிறுத்திப் பிடித்திருந்தார்கள். அது ஓட்டு விளிம்பையும் தாண்டி மேலே துருத்திக்கொண்டு நின்றது.

“நான்தான் குடுத்தேன்” என்றான் ஜெயக்குமார். “சரியாத்தான் அளந்தேன்.”

“எங்க, எப்படி அளந்தீங்க? காட்டுங்க.”

எல்லோரும் ஜெயக்குமாரின் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அவன் டேப்பின் ஒரு முனையைச் சுவர் உச்சியிலிருந்த கட்டையில் வைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த தறிக்குழிக்குள் இறங்கி நின்று, மறுமுனையை மிதிக்கட்டைக்குக் கீழே குழியின் அடியில் வைத்தான். “பாருங்க. சரியா கீதா இல்லியா?”

அன்பழகன் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஏங்க, அது தரையா? குழிங்க அது!”

“நாங்க காலு வெக்கிறது அங்கதானே? ஜக்கார்டு ஏத்தும்போதும் இங்கேர்ந்துதான் அளப்போம்.”

“இவன் கையில டேப்பக் குடுத்ததே தப்பு” என்று ஆரம்பித்தார் பச்சையப்பன்.

“மாமா, நீங்கதானே சரிபார்த்தீங்க?” என்றாள் ஜெயப்ரியா.

“ஆமா, பார்த்தேன்.”

“எங்க நின்னு பார்த்தீங்க?”

பச்சையப்பன் தன் வீட்டுத் தறிக்குழியை மனதுக்குள் ஒருமுறை பார்த்தார். அதன்பின் டீ குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வெளியே நகர்ந்தார். வாசலில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அன்பழகனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“பேஜார் புடிச்ச வேலை. எல்லாக் காலையும் ரெண்டடி வெட்டணும்” என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்து, வெட்டும் மெஷினுக்கு ஒயர் இழுக்கச் சொன்னார்.

லீலா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திரிக்கோல் இன்னும் கையில்தான் இருந்தது.

“இருங்க, வெட்டாதீங்க” என்றாள். “இதை வெட்டாம இப்படியே நிறுத்துனா, மேல வர்ற சட்டம் ஓட்டுல இடிக்குமா?”

“இடிக்காதும்மா. முகட்டுக்கும் மேல தாண்டிப் போவும். தொப்பி பெருசாப் போட்ட மாதிரி அசிங்கமா இருக்கும்.”

“அசிங்கம் இருக்கட்டுங்க. அப்ப ஓட்டப் பிரிக்காமலே புதுக் கூரையப் போடலாம் இல்ல?”

மெஷினைத் தூக்கியவன் அப்படியே நின்றான். அன்பழகன் அண்ணாந்து பார்த்தார். வரிசையின் கோடி வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“சும்மா போட்டா காத்து நடுவுல பூந்து தூக்கிடும். சுத்தி அடைக்கணும். குறுக்குச் சட்டம் கூடுதலா குடுக்கணும்.” தாடையைச் சொறிந்தார். “ஆவும். தாராளமா ஆவும்.”

“பழைய ஓடு?” என்றான் ஜெயக்குமார்.

“மேல மழைக்கு மறைப்பு வந்துட்டா இதுக்கு இன்னா அவசரம்? உங்க உங்க பாவு முடியறப்ப, நெதானமா உள்ளேர்ந்தே பிரிச்சுக்குங்க. விட்டு வெச்சாலும் வெயிலுக்கு நல்லதுதான்.”

டீ டம்ளரோடு திரும்பி வந்த பச்சையப்பனுக்கு விஷயம் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் ஜெயக்குமாரிடம் பாய்ந்தார். “அப்ப எங்க பெட்டிங்களை எல்லாம் எதுக்குடா எறக்க வெச்சே? எங்களைச் சும்மா ஒக்கார வெச்சியேடா, பாவி!”

“குழியில நின்னு அளந்தவங்க எல்லாம் பேசக் கூடாது மாமா” என்றாள் லீலா. அவள்தான் பேசுகிறாள் என்பதை நம்ப முடியாமல் தெருவே திரும்பிப் பார்த்தது. காய்ச்சலுக்குப் பிறகு அவள் வாசலில் நின்று சிரிப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே போய்க் கத்திரிக்கோலை ஆணியில் மாட்டிவிட்டுத் தறியில் உட்கார்ந்தாள். ஒரு செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் ஊடையிழை ஓட்டும் நாடாவைத் தொட்டாள்.

கடைசித் தகட்டை முடுக்கிய மறுநாள் மதியமே மழை பிடித்துக்கொண்டது. பழக்கதோஷத்தில் லீலா அடுப்படியிலிருந்து குண்டானை எடுத்துவந்து ஒழுகும் இடத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். மேலே தகடு அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுகூட விழவில்லை. குண்டானைத் திரும்ப எடுத்துப்போய் அதிலேயே அரிசி களைந்து வைத்தாள்.

முந்தானையின் முதல் விரற்கடை ஏறியிருந்தபோது போன் அடித்தது.

“இன்னாக்கா, ஒரே இரைச்சலா கீது? தறி சத்தமே கேக்கல” என்றாள் கனிமொழி. குரலில் கலக்கம் தெரிந்தது.

“மழைம்மா. புதுக் கூரை. அது மேல கொட்டுது.”

“அப்ப நெய்யலையா?”

லீலா போனைப் பலகையில் அச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாடாவைத் தள்ளி, அச்சை இழுத்து அடித்தாள்.

“இப்ப கேக்குதா?”

“கேக்குதுக்கா.”