கீழ்ப்பாதி மூடியிருக்கும்

சவ அடக்க நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டிய அப்பாவின் சாம்பல் நிற சூட்டை டெனீஸ் காரின் பின்சீட்டில் போட்டுவிட்டு, அதற்கு அடியில் இன்னொரு துணிப்பையை அவசரமாகச் செருகினாள். அதற்குள் அம்மா வெரா வாசலுக்கு வந்துவிட்டாள். மார்ச் மாதப் பனியில், வீட்டுச் செருப்போடு, கையெல்லாம் முட்டைக்கோஸ் ஈரம். வெராவின் கண்ணில் மண்ணைத் தூவ அந்த வீட்டில் யாராலும் முடிந்ததில்லை.

"அடியில என்ன பை?"

"கில்ட்டும்மா."

"வேண்டாம்."

"அம்மா, நான் சொல்றதை..."

"வேண்டாம்னா வேண்டாம். எங்க அண்ணன் தம்பி வீட்டு ஜனம் மட்டும் நாளைக்கு நாப்பது பேர் வராங்க. உங்கப்பாவை அழுது அனுப்பி வைக்க வராங்க. பாவாடையைப் பார்த்துச் சிரிக்கவா?"

டெனீஸின் அப்பா லோர்ன் மக்காஸ்கில் முந்தாநாள் விடியற்காலையில் இறந்துபோனார். கனடாவின் அந்த சஸ்காட்செவான் வட்டாரத்தில் முப்பத்தொரு வருஷம் சாலை சமன்செய்யும் வண்டி ஓட்டியவர். கணையத்தில் புற்று. அக்டோபரில் கண்டுபிடித்தார்கள், மார்ச்சில் முடிந்துவிட்டது. கால்கரியிலிருந்து எட்டு மணி நேரம் பனியில் ஓட்டிக்கொண்டு டெனீஸ் வந்து சேர்ந்தபோது, படுக்கைவிரிப்பை மாற்றியிருந்தார்கள். அந்த ஐந்து மாதத்தில் அவள் வந்து போனது இரண்டே முறை.

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் மடிப்புப் பாவாடையான கில்ட் மேல் அவருக்கு ஆசை வந்தது ஓய்வு பெற்ற பிறகு. வெரா வீட்டார் உக்ரேனியர்கள். கல்யாணம் காட்சி என்றால் பூவேலை செய்த சட்டை, ஈஸ்டர் ரொட்டி, ஆட்டம், பாட்டு என்று எல்லாம் உண்டு. லோர்ன் மட்டும் கடைச் சட்டையோடு ஓரமாக நின்று கைதட்டுவார். ஒரு கல்யாணத்திலிருந்து திரும்பும்போது, "எங்களுக்குன்னு ஒண்ணுமே இல்லாமலா போயிருக்கும்?" என்று கேட்டார். அவரே தேடினார். சர்ச் பதிவேடு, கப்பல் பட்டியல், கல்லறைக்கல் எதையும் விடவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டிப் பேர் படித்தார். ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவிலிருந்து கைக்குழந்தையோடு கப்பல் ஏறிய ஒரு நீல் மக்காஸ்கில் அகப்பட்டார். அந்தக் கைக்குழந்தை லோர்னின் தாத்தா. குலம் கிடைத்ததும் அந்தக் குலத்துக்கென்றே உள்ள கட்டம்போட்ட துணி எது என்பதும் கிடைத்தது. நீலம், பச்சை, நடுவே மெல்லிய மஞ்சள் கோடு. அளவு எடுத்து அனுப்பி, நான்கு மாதம் தபால்காரரை நச்சரித்து வாங்கினார்.

முதல்முதலாகக் கட்டிக்கொண்டு போனது ஜூலை முதல் தேதி கனடா நாள் ஊர்வலத்துக்கு. முன்பின் மாற்றி, மடிப்புகளை முன்னால் வைத்து, தட்டையான பக்கத்தைப் பின்னால் விட்டுக் கட்டியிருந்தார். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எண்ணெய்க் கடை ஸ்டான் தெருவுக்கு அந்தப்பக்கமிருந்து, "லோர்ன், நீ வர்றியா போறியா?" என்று கத்தினான். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். டெனீஸ் மட்டும் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுவருஷம் அவளுக்குக் கல்யாணம். போனில் சொன்னாள். "அப்பா, அது மட்டும் வேண்டாமே. போட்டோவில எல்லாரும் உங்களைத்தான் பாப்பாங்க." அவர், "சரிம்மா. உன் நாள் அது" என்றார். சாம்பல் சூட்டில் வந்து, சொன்ன இடத்தில் நின்று, சொன்னபோது சிரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கில்ட் பற்றி வாயே திறக்கவில்லை. பைத்தியம் தெளிந்துவிட்டது என்று வெரா நிம்மதிப்பட்டாள்.

"இன்னைக்கு என்ன திடீர்னு?" இப்போது வெரா கேட்டாள். "உனக்கு மட்டும் அது எப்போ பிடிச்சுது?"

டெனீஸ் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் இல்லை.

வெரா அவளையே பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள்.

"ஜனங்க பார்க்கறப்போ சவப்பெட்டியில கீழ்ப்பாதி மூடித்தானே இருக்கும்" என்றாள். "மேல அந்த சாம்பல் கோட்டு இருக்கணும். கீழ என்னமோ பண்ணிக்கோ. என்கிட்ட சொல்லாத." உள்ளே போய்விட்டாள். நாற்பது பேருக்கு முட்டைக்கோஸ் சுருள் உருட்டியாக வேண்டும்.

சவ அடக்க நிலையத்தில் உடல்களுக்கு உடை உடுத்தும் கிளெண்டா இருந்தாள். டெனீஸோடு பள்ளியில் ஒரே வகுப்பு. பையைத் திறந்து பார்த்ததும் அவள் புருவம் உயர்ந்தது.

"உங்கம்மா சரின்னாங்களா?"

"பாதி."

"டெனீஸ், ஒண்ணு சொல்லிடறேன். உடம்பு வளையாது. துணியைப் பின்பக்கம் மேலேர்ந்து கீழ வரைக்கும் வெட்டிட்டுத்தான் போடுவோம். எல்லாருக்கும் அப்படித்தான்."

"கோட்டை வெட்டிக்கோ. இதை வெட்ட வேண்டாம். இது சுத்திக் கட்டுறது. அடியில விரிச்சுட்டு அவரைத் தூக்கி வெச்சா போதும். நான் பிடிக்கிறேன்."

"நீ வெளியில இருக்கிறது நல்லது."

"அவரு போறப்பவும் வெளியிலதான் இருந்தேன்."

கிளெண்டா ஒரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டினாள்.

சட்டையும் கோட்டும் முடிந்தபின் கில்ட்டை மேசையில் விரித்தார்கள். "மடிப்பு மேல வரணும், இல்லையா? அழகா இருக்குமே" என்றாள் கிளெண்டா.

"இல்ல. மடிப்பு பின்னாடி. முதல் தடவை அப்பாவும் உன்னை மாதிரிதான்..." டெனீஸுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு பேரும் தூக்கினார்கள். கனமே இல்லை. சாலை வண்டியின் சக்கரத்தைத் தனியாகக் கழற்றி மாட்டிய மனிதர் கைக்குழந்தை மாதிரி மேலே வந்தார். எட்டு கஜக் கம்பளியும் அவருக்கு அடியில் ஒழுங்காக விழுந்தது. டெனீஸ் கையை விட்டு ஒவ்வொரு மடிப்பாக நீவினாள். யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் ஒன்றுகூடக் கசங்கக் கூடாது என்று அவளுக்கு இருந்தது.

"அடிக்கடி கட்டுவாரா?" கிளெண்டா கேட்டாள்.

"இல்ல. அஞ்சு வருஷமா தொடவே இல்லை. நான் வேண்டாம்னு சொன்னதுலேர்ந்து."

முன்பக்கத்தை இடமிருந்து வலமாகப் போர்த்தி, வலது இடுப்பில் இருந்த தோல்வாரை பக்கிளுக்குள் இழுத்தாள். தைத்தவர்கள் போட்ட ஓட்டைகள் ஐந்து, வரிசையாக, விளிம்பு தேய்த்து. அப்பா அந்த நாளில் தொப்பையோடு இரண்டாவது ஓட்டையில் மாட்டுவார். இப்போது ஐந்தாவதும் போதவில்லை. இன்னும் இழுத்தாள்.

ஐந்தாவதுக்குப் பின்னாலும் ஓட்டைகள் இருந்தன.

கடையில் போட்டவை அல்ல. ஆணியால் அடித்தவை, கோணல்மாணலாக, ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. மொத்தம் நான்கு. ஒவ்வொன்றிலும் பக்கிள் அழுந்திய தடம் இருந்தது. முதலில் அடித்ததன் விளிம்பு கறுத்திருந்தது. கடைசியில் அடித்ததில் தோல் இன்னும் வெளுப்பாக, புதிதாக இருந்தது.

அக்டோபருக்கு முன்னால் அவருக்கு இந்த ஓட்டைகள் எதுவும் தேவைப்பட்டிருக்காது. இளைக்க இளைக்க ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார். இந்தப் பை கிடந்த, வெரா கால்வைக்காத கராஜில், கதவைச் சாத்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் கட்டிப் பார்த்திருக்கிறார். யாருக்கும் சங்கடம் வேண்டாமென்று.

டெனீஸ் வாரை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிளெண்டா சுவர்ப்பக்கம் திரும்பிக் காத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து எழுந்து, கடைசி ஓட்டையில் பக்கிள் ஊசியை நுழைத்தாள். தொளதொளவென்று நின்றது. கடைசி இரண்டு வாரம் அவர் எழுந்திருக்கவே இல்லை; அதற்குள் இன்னும் இளைத்திருந்தார்.

"கிளெண்டா, ஆணி ஏதாவது இருக்கா?"

கிளெண்டா பக்கத்து அறைக்குப் போய் ஆணியும் சின்னச் சுத்தியலும் ஒரு மரத்துண்டும் கொண்டுவந்தாள். டெனீஸ் மரத்துண்டை வாருக்கு அடியில் வைத்தாள். கடைசி ஓட்டையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஆணியை நிறுத்தினாள்.