தண்ணீர் கொதிப்பதற்குள்

எல்டன் பெரிய பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பின்கதவைத் தள்ளித் திறந்தபோது, கூடத்துக் கட்டிலிலிருந்து மனைவி வெர்னா கூப்பிட்டாள். நோய் அவள் உடம்பைத் தின்று முடித்திருந்தாலும் அதிகாரத்தில் கை வைக்கவில்லை.

"தண்ணி வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன், மகாராணி."

"கொதிக்கறப்ப கதிரு உள்ள விழணும். வழியில எவனாவது அகப்பட்டான்னு கதை அளந்துட்டு நிக்காத."

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் பாதி வீடுகளில் இதுதான் சட்டம். முதலில் தண்ணீரை அடுப்பில் வைக்க வேண்டும், அப்புறம்தான் தோட்டத்துக்குப் போய்ச் சோளக்கதிரை ஒடிக்க வேண்டும். ஒடித்த கதிர் காத்திருந்தால் இனிப்புப் போய்விடும். வெர்னா எதுவும் விழுங்கி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. "வேகற வாசனையாவது வரட்டுமே" என்று காலையில் கேட்டிருந்தாள்.

சோளத்துக்குப் போகிற வழியில் தக்காளிப் பாத்தி. வசந்தத்தில் வெர்னா முக்காலி போட்டு உட்கார்ந்து நட்ட செடிகள். வெயிலில் சூடேறி, தொட்டாலே கையோடு வந்துவிடுகிற பக்குவத்தில் ஒரு பழம் தொங்கியது. எல்டன் அதைச் சட்டையில் துடைத்துக் கடித்தார். சாறு முழங்கை வரை ஓடியது. மாதக்கணக்காக டப்பா சூப்பும், அவள் எதிரில் மென்று தின்னக் கூசி, நின்றபடியே விழுங்கிய ரொட்டியும்தான் அவருடைய சாப்பாடு. வேலிக்கம்பத்தில் மாட்டியிருந்த உப்புச் சீசாவை எடுத்து இரண்டாவதைத் தின்றார். மூன்றாவதையும் தின்றார். என்ன ருசி! தொப்பியைக் கழற்றி, "ஆண்டவரே, நன்றி" என்றார். மனதாரத்தான் சொன்னார். கூடத்தில் ஒரு கட்டில் கிடப்பதே அந்த நேரம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

கதிர்களோடு திரும்பியபோது பானைத் தண்ணீர் பாதியாகச் சுண்டி, சமையலறையெங்கும் ஆவி.

"வந்துட்டேன், வந்துட்டேன். திட்டாத" என்றார்.

வெர்னா திட்டவில்லை.

அன்று மாலை சிகாகோவிலிருந்து வந்து இறங்கிய மகள் ஜோலீன், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"கடைசில நீங்க பக்கத்துல இருந்தீங்களாப்பா?"

"கையப் பிடிச்சிட்டிருந்தேன்மா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஜோலீன் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அதற்கப்புறம் எப்படித் திருத்துவது?

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பெண்கள் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். பன்றித் தொடைக்கறி, பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, அவரவர் தோட்டத்துச் சோளம். அதற்குள் ஜோலீன் வாயால் சேதி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் எல்டனின் கையைக் குலுக்கி, "வெர்னா குடுத்து வெச்சவ" என்றார்கள். அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. போதாக்குறைக்கு வயிறு வேறு பசித்தது. அந்தப் பசியின்மேல் அவருக்கு அப்படி ஒரு வெறுப்பு.

"எல்டன், எப்பவும்போல நீங்களே ஜெபம் பண்ணிடுங்க" என்றார் பாஸ்டர்.

எழுந்து நின்றார். "ஆண்டவரே" என்றார். அடுத்து வரவேண்டிய "நன்றி" வரவில்லை. அதை அவர் தக்காளிப் பாத்தியிலேயே சொல்லித் தீர்த்துவிட்டிருந்தார். துக்கம்தான் காரணம் என்று நினைத்து, பாஸ்டரே ஜெபத்தை முடித்தார்.

உட்கார்ந்ததும் எல்டன் குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

"ஜோலீன், நான் கையப் பிடிச்சிட்டிருக்கல."

"என்னப்பா?"

"தோட்டத்துல இருந்தேன். தக்காளி தின்னுட்டிருந்தேன். ஒண்ணு இல்ல, மூணு. உங்கம்மா வீட்டுக்குள்ள தனியா..."

ஜோலீன் அவரையே பார்த்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ வெண்ணெய் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தாள்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

"தெரியும்."

வெண்ணெய்க் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "அம்மா நட்ட செடியா?" என்றாள்.

"ஆமா."

"நல்லா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். இன்னொரு பொய்தானே.

"அந்த மாதிரி நான் தின்னதே இல்லம்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போது பக்கத்து வீட்டு உர்சுலா ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து எல்டனின் முதுகைத் தடவினாள்.

"கடைசி மூச்சு வரைக்கும் கையப் பிடிச்சிருந்தீங்களாமே. எம்புருஷனும் இருந்தானே, தடியன், ஆஸ்பத்திரில நான் கெடக்கறப்ப மீன் பிடிக்கப் போயிட்டான்."

எல்டன் வாயைத் திறந்தார்.

"ஆமா, உர்சுலாம்மா" என்றாள் ஜோலீன். "விடவே இல்ல."

சொல்லும்போது அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் தட்டில் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்த சோளக்கதிர்மேல் வெண்ணெய் உருகி, மெல்ல விளிம்புக்கு ஓடிக்கொண்டிருந்தது.