ரொனியின் தூக்கம், இன்ஸாபின் கண்ணாடி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வெள்ளவத்தையில் ஓர் இலக்கிய வட்டத்தின் பரிசளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன். இலக்கியத்துக்காகப் போனேன் என்று சொன்னால் என்னை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். அங்கே தேநீரோடு நல்ல பட்டிஸ் கொடுப்பார்கள். ‘என் வாழ்வில் மறக்க முடியாத மனிதர்’ என்ற உண்மை அனுபவப் போட்டியில் முதற்பரிசு பெற்ற றேணுகாவுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கதிரைக்காரர் அவளுடைய கந்தோரில் வேலை செய்பவர். வாயில் பட்டிஸோடு என் காதருகே குனிந்தார்.

“இவ எழுதின அந்த வேன் ட்ரைவரை வேலையால நிப்பாட்டப் போறாங்களாம். இந்தக் கதையாலதான்.”

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சம் முழுவதும் நான் கட்டியது. ஒன்றை மட்டும் முற்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் றேணுகா அல்ல. ‘சும்மா சொல்கிறாள், இது அவளேதான்’ என்று இதற்குள் முடிவுகட்டிவிட்ட வாசகர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். உங்களைப் போலவே வாசிக்கிற ஒருவர் இந்தக் கதைக்குள் வருகிறார். அவரை உங்களுக்குப் பிடிக்காது.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

[கொட்டாஞ்சேனைக் கூரைகளின் மேல் பொன்னிறச் சூரியன் மெல்ல எழுந்த அந்தக் காலையில், றேணுகா வேனுக்காக...]

இல்லை. அவள் வேனுக்கு நிற்கிற ஒழுங்கையில் காலையில் தெரிவது பக்கத்து மாடியின் தண்ணீர்த் தாங்கி. அங்கே சூரியனைக் கண்டதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

[சாரதி என்பவன் வெறும் சாரதி அல்லன். வாழ்க்கைப் பாதையின் திருப்பங்களில் நம்மை...]

இதையும் அடித்துவிட்டேன். அடித்ததை உங்களுக்குக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. றேணுகா இதை அடிக்கவில்லை. பரிசு பெற்ற அவளுடைய ஆக்கத்தின் முதல் வரி இதுதான். தலைப்பு, ‘இமை மூடிய பயணம்’.

சரி, நேராகவே தொடங்குகிறேன். றேணுகாவுக்கு இரத்மலானையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. கொம்பனி வேன் அவளைக் கொட்டாஞ்சேனையில் ஏற்றி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று மற்றவர்களையும் பொறுக்கிக்கொண்டு போகும். மாலையில் அதே வழியால் திரும்பக் கொண்டுவந்து இறக்கும். இத்தனை காலத்தில் அந்த வேனில் மூன்று சாரதிகளைக் கண்டுவிட்டாள்.

முதலாமவர் பேர்னாட். கொட்டாஞ்சேனையில் கோயில்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றையும் கடக்கும்போது சிலுவை அடையாளம் போட்டு, அதற்குப் பிறகு இரண்டு கைகளையும் கூப்புவார். அந்த நேரங்களில் வேன் கர்த்தரின் பொறுப்பில் ஓடும். கர்த்தர் ஒருமுறைதான் கவனம் பிசகினார், தயிர்க் கடை ஒன்றின் வாசலில். பேர்னாட் ஓய்வு பெற்றார்.

அடுத்தவர் ரொனி, எல்லாருக்கும் ‘அய்யே’, சிங்களத்தில் அண்ணன். சிரித்த முகம், பழைய பாட்டுகள், வேனிலுள்ள பெண்களின் பிறந்தநாள் அத்தனையும் மனப்பாடம். மாலையில் வெள்ளவத்தைச் சந்தையருகே வேனை நிறுத்துவார். மெற்றில்டா, ஏற்றுமதிப் பிரிவின் மூத்த எழுதுவினைஞர், இறங்கிப் போய்ப் பாரை மீன் வாங்கி, வெட்டுவித்து, கழுவுவித்துக்கொண்டு வரும்வரை எல்லாரும் பாட்டுக் கேட்டபடி இருப்பார்கள். பிறகு மற்றவர்களும் மீன் வாங்கத் தொடங்கினார்கள். அந்த நிறுத்தம் வேனின் பரம்பரை உரிமையாகிவிட்டது.

ரொனியிடம் ஒரேயொரு குறை. ஓட்டும்போது தூங்கிவிடுவார். இரவில் வேறொரு வாகனமும் ஓட்டினார். பம்பலப்பிட்டிச் சந்தியில் ஒருமுறை நெற்றி ஹோர்னில் விழுந்து, அந்தச் சத்தத்தில் தானே திடுக்கிட்டு எழும்பினார். இன்னொரு நாள் தெஹிவளையில் வேன் நடைபாதையில் ஏறி, மின்கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. “பாவம், ரொனிக்குக் களைப்பு” என்றார்கள். அவர் டோஹாவில் வேலை கிடைத்துப் போனபோது கேக் வெட்டி அழுதார்கள்.

மூன்றாமவர் இன்ஸாப். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. நேரமானால் வேன் புறப்பட்டுவிடும், ஓடி வந்து கையைக் காட்டினாலும் நிற்காது. கண்ணில் சதை வளர்கிறது என்று எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி. வந்த முதல் வாரமே மெற்றில்டா முன்னால் சாய்ந்து, முஸ்லிம்களின் அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னாள்:

“நாநா, சந்தையடியில ஒருக்கா நிப்பாட்டுங்க.”

“ஏலா மிஸ். பின்னால பஸ் வருது.”

“ரொனி அய்யே நிப்பாட்டுறவர்.”

“அவர் நிப்பாட்டியிருப்பார்.”

அன்றைக்கே வேன் இன்ஸாபுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. தங்களை உயிரோடு கொண்டுபோய் இறக்குகிறவரைவிட, மீனோடு கொண்டுபோய் இறக்கியவரைத்தான் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

(இந்த இடத்தில் இன்ஸாபை வாய் திறவாத ஞானியாக்கும்படி, கைப்பிரதியை வாசித்த நண்பர் ஒருவர் கேட்டார். மன்னிக்கவும். அவர் சைக்கிள்காரரைச் சிங்களத்தில் ஏசுவார், முச்சக்கர வண்டிக்கு வழி விடமாட்டார், வேனுக்குள் யாராவது முறுக்குக் கடித்தால் முகத்தைச் சுளிப்பார். நானும் அவரோடு தினமும் போக விரும்பமாட்டேன். ஆனால் அவர் தூங்கவில்லை.)

3

றேணுகா போட்டிக்கு எழுத உட்கார்ந்தாள். மறக்க முடியாத மனிதர் வேண்டும்.

இன்ஸாபை எழுதலாம் என்றால், அவர் ஒன்றுமே செய்யவில்லை. காலையில் வருகிறார், கொண்டுபோய் விடுகிறார், மாலையில் திருப்பிக் கொண்டுவருகிறார். ஒழுங்காக ஓட்டுகிற சாரதியை வைத்துக்கொண்டு எழுதுகிறவள் என்ன செய்வாள்? ரொனியின் தூக்கம் நல்ல சரக்கு. ஆனால் அது ரொனியின் முகத்தில் பயமாக இல்லை, பகிடியாகத்தான் வந்தது. இன்ஸாபின் கறுப்புக் கண்ணாடியோ, உள்ளே ஏதாவது வைக்கச் சொல்லிக் கேட்பதுபோல இருந்தது. ரொனியின் தூக்கத்தைக் கழற்றி அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துத் தைத்தாள்.

“அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் அவனது இமைகள் மூடிக் கிடந்தன. பதினான்கு உயிர்கள் அவன் கனவுக்குள் பயணம் செய்துகொண்டிருந்தோம்.”

நல்ல வரிதான். பொறாமையோடு சொல்கிறேன். ஒருவரின் கையை இன்னொருவர் உடம்பில் ஒட்டுவது எங்கள் தொழில். இந்தக் கதையிலேயே எத்தனை ஒட்டியிருக்கிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் இதைக் கதை என்றுதான் விற்கிறேன். அவள் ‘உண்மை அனுபவம்’ என்ற பிரிவுக்கு அனுப்பினாள். அனுப்பும்போது சாரதியை ‘அவன்’ ஆக்கியிருந்தாள். அதே ஆக்கத்தில் ஒரு பந்தி வந்துபோகிற கொம்பனி முகாமையாளர் மட்டும் ‘அவர்’.

4

ஆக்கம் இதழில் வெளியானதும் அதைப் படமெடுத்து வேனில் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பாராட்டுக்காகத்தான் போட்டாள். பூக்கள் வந்தன, கைதட்டல்கள் வந்தன. பிறகு மெற்றில்டாவின் குரற்பதிவு வந்தது.

“றேணு, நானும் கண்டனான். அந்தாள் நல்லா நித்திரை. சொல்லப் பயத்தில இருந்தனான், நீ துணிஞ்சு எழுதிட்டாய்.”

அதோடு மடை திறந்துகொண்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாரும் இன்ஸாப் தூங்கியதைக் கண்டவர்கள் ஆகிவிட்டார்கள். ஒருத்தி பம்பலப்பிட்டிச் சந்தியில் கண்டாளாம், நெற்றி ஹோர்னில் விழுந்ததாம். அவர்கள் பொய் சொன்னார்கள் என்றுகூட நான் சொல்லமாட்டேன். மீன் தவறிய கோபமும் அச்செழுத்தும் சேர்ந்தால் ஞாபகம் எந்தப் பக்கமும் வளையும்.

றேணுகா, ‘அது ரொனி அய்யே எல்லோ’ என்று தட்டினாள். பார்த்தாள். அழித்தாள். அதற்குப் பதிலாகக் கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டாள்.

வேனின் முறைப்பாடு நிருவாக முகாமையாளர் பொன்னம்பலத்திடம் போயிற்று. நான் முன்னே சொன்ன வாசகர் இவர்தான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு இவர் வாசித்த முதற் கதை இது. மஞ்சள் பேனையால் கோடு போட்டு வாசித்தார். இன்ஸாபைக் கூப்பிட்டு வேன் திறப்பைச் சாவிக்கொத்தோடு வாங்கி வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை விசாரணை என்றார்.

5

விழாவுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து றேணுகா வீட்டுக்கு வந்தபோது வாசலில் இன்ஸாப் நின்றார். அவளைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய கண்களை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். சிவந்து, ஓரத்தில் சதை படர்ந்து, வெளிச்சம் பட்டதும் நீர் வடிந்தது.

“மகள் ருஷ்தா வாசிச்சுக் காட்டின மிஸ். நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்க.”

“நாநா, அது சும்மா ஒரு கதைதானே.”

“அதத்தான் சொல்ல வந்த. நான் தூங்கி நீங்க கண்டிருக்கிறீங்களா?”

“இல்லை நாநா. ஒருநாளும் இல்லை.”

“அப்ப நாளைக்கு அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்டும் வேணாம். இந்த வேல போனா இன்னொண்டு தேடலாம். தூங்குற ட்ரைவர் எண்டு பேர் போனா, கொழும்பில ஒருத்தனும் திறப்பக் கையில தரமாட்டான். எனக்கு வேற தொழில் தெரியா.”

“சொல்லுறன் நாநா. கட்டாயம் சொல்லுவன்.”

தேநீர் குடிக்கச் சொன்னாள். வேண்டாம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். றேணுகாவுக்கு வெட்கமாக இருந்தது. அது உண்மையான வெட்கம்தான், அதில் நான் கலப்படம் செய்யவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதி பின்னேரத்துக்குள் அந்த வெட்கத்தை விழுங்கிவிட்டது. இரவுச் சாப்பாட்டின்போது தன்னை ஒரு நேர்மையான பெண்ணாகவே நினைத்துக்கொண்டாள்.

6

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

[முடிவு: “எல்லாம் என் கற்பனை” என்று றேணுகா கண்ணீரோடு எழுந்து நிற்கிறாள். மெற்றில்டா இன்ஸாபின் கையைப் பிடித்து மன்னிப்புக்...] மெற்றில்டாவாவது, மன்னிப்பாவது.

[முடிவு: புதிய சாரதி. மழை. தெஹிவளையில் எதிரே ஒரு லொறி...] பாத்திரங்களுக்குப் பாடம் படிப்பிக்க லொறி அனுப்புகிற எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு நான் தேநீர்கூடக் குடிப்பதில்லை.

[முடிவு: றேணுகா இன்னொரு கதை எழுதுகிறாள். அதில் இன்ஸாப் விழித்திருக்கிறார்...] அதை யார் வாசிப்பது? எந்த வட்டம் அதற்குப் பொன்னாடை போர்த்தும்?

எனவே விசாரணைக்கே போகிறேன்.

ஒரு பக்கம் மெற்றில்டாவும் வேனில் வருகிற வேறு மூவரும். நடுவில் றேணுகா. இன்ஸாபை வெளியே மர வாங்கில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். பொன்னம்பலம் மஞ்சள் கோடு போட்ட இதழை அவள் முன்னால் வைத்தார்.

“மிஸ் றேணுகா, சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. இது உண்மையா, கற்பனையா?”

கற்பனை என்றால் என்ன போகும்? ஒரு பொன்னாடை, கண்ணாடி அலுமாரியில் வைத்த ஒரு கேடயம், முகப்புத்தகத்தில் போட்ட படம். அதோடு, பக்கத்தில் இருக்கிற நாலு பேரும் பொய்யர் ஆவார்கள். அந்த நாலு பேரோடும் நாளைக் காலையில் வேனில் ஏற வேண்டும். வேறொன்றும் இல்லை. நான் இன்னும் பெரிதாக எதையாவது அவளுக்கு வைத்துக்கொடுக்க எவ்வளவோ முயன்றேன், நோயாளித் தாய், வங்கிக் கடன் என்று. ஒட்டவில்லை. அவளைத் தடுத்தது இந்தச் சில்லறைச் சாமான்கள்தான்.

அவள் தொண்டையைச் செருமினாள். மேடைகளில் எழுத்தாளர்களாகிய நாங்கள் சொல்வதையே சொன்னாள்.

“கொஞ்சம் உண்மை சேர், கொஞ்சம் கற்பனை. எழுத்து எண்டா அப்பிடித்தானே.”

“உண்மை இருக்குதானே?” என்றார் பொன்னம்பலம்.

“இருக்கு. ஆனா...”

“அது போதும்.”

அவர் எழுதத் தொடங்கினார். மேசைக்குக் கீழே மெற்றில்டா அவள் கையை மெதுவாக அழுத்தினாள்.

7

றேணுகா வெளியே வந்தாள். இன்ஸாப் வாங்கிலிருந்து எழுந்தார். மடிப்புக் கலையாமல் மினுக்கிய வெள்ளைச் சேர்ட் போட்டு வந்திருந்தார்.

“சொன்னீங்களா மிஸ்?”

இதற்கு அவள் சொன்ன பதில் என்னிடம் இருக்கிறது. ஒன்றல்ல, மூன்று நாலு இருக்கிறது, எல்லாமே அழகான வாக்கியங்கள். ஒன்றையும் தரமாட்டேன். இந்த மனிதரை இந்த வாங்குக்குக் கொண்டுவந்து விட்டதே ஓர் அழகான வாக்கியம்தான்.

ஆகவே நான் இங்கே பேனையை வைக்கிறேன். அவர் கேட்டுவிட்டு நிற்கிறார். யார் தூங்கியது, யார் தூங்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும், பொன்னம்பலத்துக்குத் தெரியாது. உள்ளே அவர் இன்னும் கையொப்பம் வைக்கவில்லை, கதவும் சாத்தவில்லை. போய்ச் சொல்லுங்கள். இல்லையென்றால், இது கதைதானே என்று முணுமுணுத்துவிட்டு, இன்ஸாபின் முகத்தைப் பாராமல், பக்கத்தைப் புரட்டுங்கள்.